நெருக்கடியில் தலைமை: கெட்ட செய்தி மேலே செல்ல வழி இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெள்ளம், விபத்து, கொள்ளைநோய், நிதிச் சரிவு என எந்தப் பேரிடர் நேர்ந்தாலும், அதையொட்டித் தலைமைப் பண்பு குறித்த கட்டுரைகளும் வாசகர் கடிதங்களும் நாளிதழ்களில் வரத் தொடங்குகின்றன. நல்ல தலைவருக்கு உரியவையாக அவற்றில் சொல்லப்படும் குணங்கள் பெரும்பாலும் பேச்சையும் செயலையும் சார்ந்தவை: துணிவு, விரைந்து முடிவெடுத்தல், கலங்காத முகம், நம்பிக்கையூட்டும் சொற்கள். இவை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால், ஒரு தொழிற்சாலையில் நீண்ட காலம் ஷிப்டு பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், பெரும் விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைத் தேடிப் படிப்பவன் என்ற முறையிலும், இவற்றுக்கெல்லாம் முன்னால் வைக்கப்பட வேண்டிய ஒன்று தொடர்ந்து விடுபட்டுப்போகிறது என்பது என் உறுதியான கருத்து. ஒரு தலைவர் எடுக்கும் முடிவின் தரத்தை, அதற்கு முன்பு அவர் காதுக்கு எட்டிய செய்திகள்தாம் பெருமளவு தீர்மானிக்கின்றன. கீழே இருப்பவருக்குத் தெரிந்த கெட்ட செய்தி, தாமதமோ திரிபோ இன்றி மேலே போய்ச் சேர வழி இருக்கிறதா என்பதுதான் நெருக்கடியில் எழும் முதல் கேள்வி. அந்த வழியை நெருக்கடி வருவதற்கு வெகு முன்பே திறந்து வைத்திருப்பது தலைவரின் வேலை.

இதை விளக்க விமானத் துறையின் வரலாறு மிகவும் உதவும். 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரிஃபில், பனிமூட்டம் சூழ்ந்த ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டதில் 583 பேர் இறந்தனர். விமானப் போக்குவரத்தில் அதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை நடந்ததில்லை. அவற்றில் ஒன்றான, நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்தை ஓட்டிய கேப்டன் அனுபவக் குறைவானவர் அல்லர். அந்த நிறுவனத்தின் விமானிகளுக்கே பயிற்சி அளித்தவர், அதன் விளம்பரங்களில் இடம்பெற்றவர். அருகில் அமர்ந்திருந்த துணை விமானியைச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பு சோதித்து, 747 ஓட்டத் தகுதியானவர் என்று சான்றளித்தவரும் அவரே. கேப்டன் முதல்முறை இன்ஜின் விசையைக் கூட்டியபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி சொன்னார், கேப்டனும் நிறுத்திக்கொண்டார். சற்று நேரத்தில், புறப்படுவதற்கான அனுமதி கிடைக்காத நிலையிலேயே கேப்டன் மறுபடி விமானத்தைச் செலுத்தத் தொடங்கியபோது, துணை விமானி இரண்டாம் முறை தடுக்கவில்லை. பின்னிருக்கையில் இருந்த விமானப் பொறியாளருக்கு மட்டும் ஐயம் எழுந்தது. அதே ஓடுபாதையில் வந்துகொண்டிருந்த மற்றொரு விமானமான பான் ஆம் நிறுவனத்தின் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று அவர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னதும் பேச்சு அதோடு நின்றது. வானொலியில் இரண்டு தகவல்கள் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று மறைத்தது, பனிமூட்டம், விமான நிலையத்தின் நெரிசல் என்று அந்த விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் மோதலைத் தவிர்க்கப் போதுமான ஓர் ஐயம், கேப்டனுக்கு எட்டும் தொலைவில் இருந்தவரின் வாயிலிருந்தே வெளிவந்தது. கேட்டவர் அதைப் பொருட்படுத்தவில்லை, சொன்னவருக்கு அதற்கு மேல் வற்புறுத்த நா எழவில்லை.

அடுத்த ஆண்டு, 1978 டிசம்பர் 28 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு அருகே யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஒரு விமானம் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அதன் சக்கரங்கள் சரியாக வெளிவந்து பூட்டிக்கொண்டனவா என்ற ஐயத்தில் கேப்டன் முழுவதுமாக மூழ்கியிருந்தார். எரிபொருள் குறைந்துவருவது உடனிருந்தவர்களுக்குத் தெரியும். அதை அவர்கள் குறிப்பாகச் சொல்லவும் செய்தார்கள். ஆனால், இப்போதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம் என்று கேப்டனின் கவனத்தை உலுக்கும்படி ஒருவரும் உரிய நேரத்தில் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் புறநகர்ப் பகுதியில் விழுந்தது. 10 பேர் இறந்தனர். சக்கரம் பற்றிய கவலை நியாயமானதுதான். ஒரு சிக்கலில் ஆழ்ந்துபோன தலைவரின் கண்ணுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் தெரியாமல் போவது மனித இயல்பு என்பதால்தான், அவரைச் சுற்றி இருப்பவர்களின் குரல் உயிர்காக்கும் பொருளாகிறது.

இந்த விபத்துகளுக்குப் பிறகு அந்தத் துறை எடுத்த முடிவைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். கேப்டன்களைத் திட்டுவதோடும், துணை விமானிகளிடம் துணிவாக இருங்கள் என்று அறிவுரை சொல்வதோடும் அவர்கள் நின்றுவிடவில்லை. விமானி அறையில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேச வேண்டும், கீழ்நிலையில் இருப்பவர் தம் ஐயத்தை எப்படி உரத்துச் சொல்ல வேண்டும், கேப்டன் அதை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு பயிற்சியாகவே வகுத்தார்கள். 1979-ஆம் ஆண்டு நாசா இதற்கென ஒரு பயிலரங்கை நடத்தியது. போர்ட்லண்டில் விமானத்தை இழந்த யுனைடெட் நிறுவனமே 1981-இல் இந்தப் பயிற்சியைத் தன் விமானிகளுக்கு அளிக்கத் தொடங்கியது. மூத்த கேப்டன்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் அதிகாரம் குறைக்கப்படுவதாக எண்ணினார்கள்.

அந்தப் பயிற்சியின் பயன் 1989 ஜூலை 19 அன்று தெரிந்தது. அதே நிறுவனத்தின் டி.சி.-10 விமானம் நடுவானில் பறந்துகொண்டிருந்தபோது, வால் பகுதி இன்ஜினின் விசிறித் தட்டு உடைந்து சிதறி, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒருசேரச் செயலிழந்தன. அப்படி ஒரு நிலை வரவே வராது என்று கருதப்பட்டதால், அதற்கான கையேடு எதுவும் இல்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் தம் குழுவினர் ஒவ்வொருவரிடமும் வழி கேட்டார். பயணியாக வந்திருந்த டென்னி ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி உதவ முன்வந்தபோது, அவரை உள்ளே அழைத்து இன்ஜின் விசைக் கட்டுப்பாடுகளை அவர் கையில் ஒப்படைத்தார். மீதமிருந்த இரண்டு இன்ஜின்களின் விசையை மாற்றி மாற்றிக் கூட்டியும் குறைத்தும் 44 நிமிடங்கள் விமானத்தை வானிலேயே பறக்கவைத்து, சூ சிட்டி நகரின் ஓடுபாதை வரை கொண்டுவந்தார்கள். இறங்கும்போது விமானம் உடைந்து தீப்பற்றியது. ஆனால் அதிலிருந்த 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தார்கள். ஹெய்ன்ஸ் பிற்காலத்தில் பல இடங்களில் இதைப் பற்றிப் பேசும்போது, கேப்டன் சொல்வதே வேதம் என்றிருந்த பழைய முறையில் தாங்கள் தப்பியிருக்க முடியாது என்றே சொல்லிவந்தார். அன்று விமானி அறையில் இருந்தவர்களின் பறத்தல் அனுபவத்தைக் கூட்டினால் 103 ஆண்டுகள் வருமென்றும், அப்படியொரு சூழலில் ஒரு நிமிடம்கூடப் பழகியவர் அவர்களில் ஒருவரும் இல்லையென்றும், அப்படியிருக்கத் தமக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்று எப்படி நினைக்க முடியும் என்றும் அவர் கேட்டார்.

நெருக்கடியில் ஆலோசனை கேட்க நேரம் ஏது என்று சொல்பவர்களுக்கு இந்த 44 நிமிடங்களை நினைவூட்ட விரும்புகிறேன். பிறரைக் கேட்பது வாக்கெடுப்பு நடத்துவதாகாது. அந்த விமானத்தில் முடிவெடுத்தவர் ஹெய்ன்ஸ்தான். யார் எந்தக் கட்டுப்பாட்டைக் கையாள வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பனவற்றில் அவர் சொல்லே இறுதியாக இருந்தது. முன்கூட்டியே பழகியிருந்ததால்தான் அவர்களால் நொடிகளில் பேசி, நொடிகளில் முடிவுக்கு வர முடிந்தது. பழக்கமில்லாத இடத்தில்தான் ஆலோசனை நேரத்தைத் தின்னும்.

விமானி அறையில் இருப்பவர்கள் ஒரு சிலர்தான். பல படிநிலைகள் கொண்ட பெரிய நிறுவனத்தில் கெட்ட செய்தி எப்படி வழியிலேயே கரைந்துபோகிறது என்பதற்கு, 1986 ஜனவரி 28 அன்று வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்ணோடம் சான்றாகிறது. அதற்கு முந்தைய இரவு, பூஸ்டர் ராக்கெட்டுகளைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், மறுநாள் காலையின் கடுங்குளிரில் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிப்போய் வெப்ப வாயு கசியக்கூடும் என்று எச்சரித்து, ஏவுதலைத் தள்ளிவைக்கும்படி தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். எதிர்முனையில் இருந்த நாசா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே கூடிப் பேசினார்கள். அப்போது அவர்களில் ஒருவரிடம், பொறியாளராகச் சிந்திப்பதை விட்டுவிட்டு மேலாளராகச் சிந்திக்கும்படி சொல்லப்பட்டது. பிறகு ஏவலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏவப்பட்ட 73 நொடிகளில் விண்ணோடம் சிதறியது, அதிலிருந்த 7 பேரும் உயிரிழந்தனர். இதில் என்னை மிகவும் பாதித்த செய்தி வேறொன்று. ஏவுவதா வேண்டாமா என்ற இறுதி முடிவை எடுக்கும் இடத்தில் இருந்த நாசாவின் உயரதிகாரிகளுக்கு, முந்தைய இரவு அப்படியொரு வாக்குவாதம் நடந்ததே தெரியாது என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. எச்சரிக்கை இரண்டு படிகள் ஏறி, மூன்றாவது படியில் நின்றுவிட்டது.

அந்த உயரதிகாரிகள் பொய் சொன்னதாக யாரும் குற்றம் சாட்டவில்லை. ஆனால், தெரியாமல் இருந்ததே தலைமையின் குறை என்று நான் கருதுகிறேன். ஒரு பேரிடருக்குப் பிறகு, எனக்கு யாரும் சொல்லவில்லை என்று தலைவர் கூறும்போது நாம் அதை அவருக்குச் சாதகமான வாதமாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அதுவே அவர்மீது வைக்க வேண்டிய கேள்வி. ஏன் சொல்லவில்லை? முன்பு சொன்னவருக்கு என்ன நேர்ந்தது? சொல்லவேண்டிய செய்திக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை பேரை அமர்த்தியிருந்தீர்கள், அவர்களுக்கு எதற்காகப் பாராட்டுக் கொடுத்தீர்கள்? சேலஞ்சருக்கு 17 ஆண்டுகளுக்குப் பின், 2003-இல் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது அதன் இறக்கையில் நுரைத் துண்டு ஒன்று மோதியது. சேதத்தை அறிய விண்வெளியில் இருக்கும் ஓடத்தைப் படமெடுக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டும், அந்தக் கோரிக்கை நிர்வாகத்தின் படிகளில் சிக்கி முடங்கியது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் மறுபடி 7 பேர் இறந்தனர். அறிக்கைகள் எழுதப்பட்டு, விதிகள் திருத்தப்பட்டு, ஆட்கள் மாற்றப்பட்ட பிறகும் அதே அடைப்பு அதே நிறுவனத்தில் மீண்டும் உண்டாகிறது என்றால், இந்த வழி ஒருமுறை திறந்துவிட்டால் திறந்தே இருப்பதில்லை, யாராவது நாள்தோறும் திறந்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

நாள்தோறும் என்று சொன்னதை என் பணி அனுபவத்திலிருந்து கொஞ்சம் விளக்குகிறேன். ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டு பொறுப்பேற்கும்போது, எந்த இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பதிவேட்டில் எழுதி ஒப்படைக்க வேண்டும். பல மாதங்கள் தொடர்ந்து 'எல்லாம் நார்மல்' என்றே எழுதப்பட்டிருக்கும் பதிவேட்டைப் பார்த்தால் அனுபவம் உள்ளவருக்கு நிம்மதி வராது, பயம்தான் வரும். சூட்டிலும் அதிர்விலும் ஓடும் இயந்திரங்கள் உள்ள இடத்தில் எல்லாமே எப்போதும் சரியாக இருப்பதற்கில்லை. அப்படியானால், எழுதுபவர்கள் எதையோ எழுதாமல் விடுகிறார்கள். விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் எப்போதோ ஒருநாள் ஒருவர் ஒரு குறையை எழுதியிருப்பார். அதற்காக மேலிடத்திலிருந்து கேள்விமேல் கேள்வி வந்து, விளக்கக் கடிதம் எழுதி, கடைசியில் அந்தக் குறைக்கு அவரே காரணம் என்று முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பேனா குறைகளை எழுதாது. தண்டித்த அதிகாரி அந்த நாளையே மறந்துபோயிருப்பார். கீழே இருந்த அத்தனை பேரும் அதை நினைவில் வைத்திருப்பார்கள். கெட்ட செய்தியோடு வருபவரைப் பார்த்ததும் தலைவரின் முகம் எப்படி மாறுகிறது, அவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் 'யார் செய்தது?' என்பதா, 'இப்போது நிலைமை என்ன?' என்பதா என்பதில்தான் அடுத்த ஆண்டு நெருக்கடியில் அவருக்கு எவ்வளவு தெரியவரும் என்பது அடங்கியிருக்கிறது.

தம் முகமே பிறர் வாயை அடைக்கக்கூடும் என்பதை உணர்ந்து நடந்துகொண்ட தலைவராக, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சொல்லலாம். 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்க ஆதரவோடு நடத்தப்பட்ட படையெடுப்பு படுதோல்வியில் முடிந்தது. அந்தத் திட்டத்தில் ஐயம் கொண்டிருந்த ஆலோசகர்கள் சிலர் கூட்டங்களில் உரக்க எதிர்க்காமல் இருந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டு அணுப்போர் அபாயம் எழுந்தபோது, கென்னடி கூட்டங்களின் முறையையே மாற்றிக்கொண்டார். தாம் இருந்தால் மற்றவர்கள் தம் விருப்பத்தை ஊகித்துப் பேசுவார்கள் என்பதால் சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வராமல் இருந்தார். ஒவ்வொரு திட்டத்தையும் குடைந்து கேள்வி கேட்கும் பொறுப்பைத் தமக்கு மிக நெருங்கியவர்களிடம் ஒப்படைத்தார். தொடக்கத்தில் வான்வழித் தாக்குதல் பக்கம் சாய்ந்திருந்த கருத்து, சில நாள் விவாதத்திற்குப் பிறகு கடல்வழித் தடுப்பாக மாறியது. 13 நாள்களில் போரின்றி நெருக்கடி தீர்ந்தது. முதல் நாள் தோன்றிய எண்ணத்தின்படியே துணிந்து செயல்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. விரைந்து முடிவெடுப்பதைத் தனியொரு குணமாகப் புகழ்வதில் எனக்குள்ள தயக்கம் இதனால்தான்.

செய்தி மேலே வருவதைப் பற்றியே இதுவரை எழுதினேன். அதே உண்மை கீழே போவதும் தலைவரின் பொறுப்பு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, உலகம் முழுவதும் பேசப்பட்டது ஃபுகுஷிமா தாய்இச்சி அணுமின் நிலையம். அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஃபுகுஷிமா தாய்நி நிலையத்திலும் நான்கில் மூன்று உலைகளின் குளிரூட்டும் வசதி போய்விட்டது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த நாவோஹிரோ மசுதா என்பவர், தம் ஊழியர்களை இருட்டிலும் இடிபாடுகளிலும் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களுக்கு வீட்டார் என்ன ஆனார்கள் என்றே தெரியாது. நில அதிர்வுகளும் நிற்கவில்லை. மசுதா வீர உரை எதுவும் நிகழ்த்தவில்லை. ஒரு வெள்ளைப் பலகையில், அடுத்தடுத்து வரும் அதிர்வுகளின் அளவையும் நேரத்தையும் எழுதிக்கொண்டே வந்தார். அவை படிப்படியாகக் குறைந்துவருவதை ஊழியர்கள் தம் கண்ணாலேயே பார்த்தார்கள். தமக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பதையும் மறைக்கவில்லை. அதன் பிறகு, எந்தெந்த இடத்துக்கு யார் யார் போகவேண்டும் என்று அவர் கேட்டபோது அவர்கள் போனார்கள். மின்சாரம் மீதமிருந்த இடத்திலிருந்து குளிரூட்டும் இயந்திரங்கள் வரை, வழக்கமாக இயந்திரங்களைக் கொண்டு செய்யும் வேலையைத் தோளில் சுமந்தே செய்து, 200 பேர் அளவில் சேர்ந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளத்துக்குக் கனமான மின்கம்பிகளைப் போட்டார்கள். நடுவில், எந்த உலைக்கு முதலில் மின்சாரம் தருவது என்ற தம் திட்டம் சரிவராது என்று தெரிந்ததும் மசுதா அதை மாற்றினார். ஏன் மாற்றுகிறோம் என்பதையும் ஊழியர்களுக்குச் சொன்னார். களைத்துப்போன மனிதர்களிடம் செய்த வேலையை மாற்றச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மார்ச் 15-ஆம் தேதிக்குள் நான்கு உலைகளும் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவரப்பட்டன.

இதற்கு நேர்மாறான நிலையை அப்போதைய சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் காணலாம். அந்த வகை உலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் இருந்த குறை, 1983-ஆம் ஆண்டே லித்துவேனியாவின் இக்னாலினா நிலையத்தில் கண்டறியப்பட்டிருந்தது. உலையை இயக்குபவர்களுக்கு அதன் அபாயம் உரியபடி தெரிவிக்கப்படவில்லை. 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் உலை வெடித்த பின்பும், அருகிலிருந்த பிரிப்யாத் நகர மக்கள் மறுநாள் பிற்பகல் வரை வெளியேற்றப்படவில்லை. சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு உணரப்பட்டு அந்நாடு கேள்வி எழுப்பிய பிறகே, 28-ஆம் தேதி மாலை சோவியத் அரசு சுருக்கமான அறிவிப்பை வெளியிட்டது. மே தின ஊர்வலம்கூட கீவ் நகரில் வழக்கம்போல் நடத்தப்பட்டது. மக்கள் பீதியடைவார்கள் என்பதுதான் இப்படி மறைப்பவர்கள் எப்போதும் சொல்லும் காரணம். உண்மை தெரியாதபோது வதந்தி பரவுவதும், ஒருமுறை ஏமாந்தவர்கள் அடுத்த முறை சொல்லப்படும் உண்மையையும் நம்ப மறுப்பதும் அந்தக் காரணத்தைச் சொல்பவர்களின் கணக்கில் வருவதே இல்லை. 1982-இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் பர்க், தங்கள் மாத்திரையை உட்கொள்ள வேண்டாம் என்று மக்களுக்கு வெளிப்படையாக அறிவித்து, நாடு முழுவதிலும் இருந்து சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெறச் செய்தார். நிறுவனத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவானது. ஆனாலும் எளிதில் பிரிக்க முடியாத புதிய உறையில் வந்த அதே மாத்திரையை மக்கள் மீண்டும் வாங்கினார்கள்.

பொறுப்பேற்பது பற்றியும் ஒரு சொல். 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநர் அப்துல் கலாமை முன்னிறுத்தாமல், இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் தாமே செய்தியாளர்களை எதிர்கொண்டதும், 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது கலாமைப் பேச அனுப்பியதும் நம் வாசகர்கள் அறிந்தவை. இதைத் தவனின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே எல்லோரும் சொல்கிறோம். அதோடு இன்னொரு பயனும் அதில் இருந்தது. முதல் முயற்சியில் எங்கே பிழை நேர்ந்தது என்பதை, யாரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் கவலையின்றி ஆராய்வதற்கு அந்தக் குழுவுக்கு நிழல் கிடைத்தது. ஓராண்டுக்குள் அடுத்த ராக்கெட் வெற்றி பெற்றதில் அந்த நிழலுக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. 1956-இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியிலிருந்து விலகியதையும் நாம் போற்றுகிறோம், போற்ற வேண்டியதுதான். ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் யாருடைய பதவி விலகலையாவது கோருவதோடு நம் கோபம் அடங்கிவிடுமானால், எச்சரிக்கை எந்தப் படியில் நின்றுபோனது என்ற விசாரணை கைவிடப்படுகிறது. விலகியவர் இடத்துக்கு வருபவரும் அதே அடைப்புக்கு மேலேதான் அமர்கிறார்.

நெருக்கடி வந்த பிறகு புகழ்பெறும் தலைவர்களைவிட, அது வராமலே பார்த்துக்கொண்டவர்கள் பெரியவர்கள் என்று நான் நினைப்பதுண்டு. 2011-இல் நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்த அணுமின் நிலையம் ஓனகாவா. அந்த நிலையம் திட்டமிடப்பட்ட 1960-களின் இறுதியில், தோஹோகு மின் நிறுவனத்தின் யானோசுகே ஹிராய் என்ற மூத்த பொறியாளர், பழங்கால ஆழிப்பேரலைகளை நினைவூட்டி, நிலையத்தை 14.8 மீட்டர் உயரத்தில்தான் கட்ட வேண்டும் என்று விடாப்பிடியாக வாதாடினார். அதைவிடக் குறைந்த உயரமே போதும் என்றும், செலவு கூடும் என்றும் மற்றவர்கள் கருதினார்கள். கடைசியில் அவர் பேச்சு ஏற்கப்பட்டது. 2011-இல் சுமார் 13 மீட்டர் உயரத்துக்கு அலை வந்தது, நிலையம் தப்பியது, வீடிழந்த அக்கம்பக்கத்து மக்கள் அங்கேயே தஞ்சம் புகுந்தார்கள். ஹிராய் 1986-லேயே காலமாகிவிட்டார். அவரது பிடிவாதத்தைப் போற்றுபவர்கள், ஒரு தனி மனிதரின் செலவு மிகுந்த வாதத்துக்குச் செவிகொடுத்து அதை ஏற்றுக்கொண்ட நிர்வாகத்தையும் சேர்த்துப் போற்ற வேண்டும். அந்தக் கூட்ட அறையில் இருந்தவர்கள் அவரை வாயடைத்து அனுப்பியிருந்தால், அன்றைய கணக்கில் அவர்களுக்கு மிச்சமே கிடைத்திருக்கும். யாரும் அவர்களைக் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

இதில் நாளிதழ்களால் செய்யக்கூடியது நிறைய இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன். ஒரு விபத்தோ பேரிடரோ நேர்ந்தால், தலைவர் எத்தனை மணிக்கு அந்த இடத்துக்கு வந்தார், என்ன ஆறுதல் சொன்னார், எவ்வளவு நிவாரணம் அறிவித்தார் என்பவற்றைத் தங்கள் செய்தியாளர்கள் தவறாமல் கேட்டு எழுதுகிறார்கள். அவற்றோடு மேலும் மூன்று கேள்விகளை வழக்கமாக்க வேண்டுகிறேன். இந்த அபாயத்தை முன்பே யார் கண்டு சொன்னார்கள்? அந்த எச்சரிக்கை எந்த மேசை வரை சென்றது? சொன்னவர் இன்று எந்த நிலையில் இருக்கிறார்? முதல் நாளில் பதில் கிடைக்காது. ஆறு மாதம் கழித்தும், விசாரணை அறிக்கை வெளிவரும் நாளிலும், அதே கேள்விகளை மறுபடி கேட்டு, கிடைத்த பதிலை முதல் நாள் செய்திக்குக் கொடுத்த அதே இடத்தில் வெளியிடுங்கள். எச்சரிக்கை செய்த ஊழியரின் பெயரை அவர் விரும்பாதபோது வெளியிடாமல் காப்பதிலும் தங்கள் இதழ் உறுதியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஷிப்டு பொறுப்பாளர் ஒருவர்